கணிப்பொறிக்கும் ஓர் அகலப்பாதை

மதுரையிலிருந்து நம் போடிநாயக்கனூர் வரையுள்ள ரயில் பாதை 1928-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமே இருந்தமையால் அது மீட்டர் கேஜ் பாதை எனப்பட்டது. நம் பாட்டிமார் மதுரைக்குப் போய் வந்தது அந்தப் பாதையில்தான். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அதில் ரயில் நின்றது. பழைய தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள புதிய பாதை போடப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் தேனி வரையிலும், 2023-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் போடி வரையிலும் ரயில் மீண்டும் வந்தது. நிலம் அதே நிலம். ஊர்களும் அதே ஊர்கள். மாறியது பாதை ஒன்றுதான். ஆயினும் அந்த ஒரு மாற்றத்தால் சென்னையில் ஏறியவர் வண்டி மாறாமலே போடியில் வந்து இறங்க முடிகிறது.

கணிப்பொறியின் உள்ளேயும் இத்தகைய பாதை ஒன்று உண்டு. அதற்குக் கோப்பு முறை என்று பெயர். பழைய கோப்பு முறையில் இயங்கும் ஒரு வன்தட்டை, உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்காமலே, பாதுகாப்பு மிகுந்த புதிய முறைக்கு மாற்றலாம். அது எப்படி, எதற்காக, எந்த இடத்தில் கூடாது என்பனவற்றை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம். கணிப்பொறியியல் பாடம் எடுத்த மாணவியருக்கு மட்டுமன்றி, வீட்டிலோ கடையிலோ ஒரு கணிப்பொறியைத் தொடும் எல்லாருக்கும் இது பயன்படும்.

கோப்பு முறை என்றால் என்ன?

நாம் தட்டச்சு செய்யும் கடிதம், வரையும் படம், எழுதும் கணக்கு எல்லாம் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் சேமிக்கப்படுகின்றன. வன்தட்டு ஒரு பெரிய ஏலக்காய்க் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. மூட்டை மூட்டையாகக் காய் வருகிறது. எந்த விவசாயியின் காய் எந்தெந்த அறையில் இருக்கிறது என்று குறித்து வைக்க ஒரு பேரேடு வேண்டும். பேரேடு இல்லையேல் கிடங்கில் காய் இருந்தும் பயனில்லை. யாருடையது எது என்று சொல்ல ஆளிராது.

கணிப்பொறிக் கிடங்கின் அறைகளுக்குக் கிளஸ்டர் என்று பெயர். அவற்றை ஒதுக்கிக் கணக்கு வைக்கும் பேரேட்டு முறையே கோப்பு முறை. பேரேடு நன்றாக இருந்தால் கிடங்கு நன்றாக இருக்கும். இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு படிப்பது எளிது.

பழைய பாதை

1977-ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் மார்க் மெக்டொனால்டு என்பவர் ஃபேட் என்னும் முறையை உருவாக்கினார். கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்பது அதன் பொருள். ஃபிளாப்பி எனப்பட்ட சிறு நெகிழ்தட்டுகளுக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது. வன்தட்டுகள் பெருகப் பெருக அதுவும் வளர்ந்தது. 1996-ஆம் ஆண்டு விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பில் ஃபேட் 32 வந்தது. விண்டோஸ் 98 காலத்துக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இதுவே இருந்தது. இன்றும் நம் கையிலுள்ள பென் டிரைவ், கேமரா அட்டை ஆகியவற்றில் இதைக் காணலாம்.

ஃபேட் முறையில் பேரேடு எழுதப்படும் விதம் எளியது. ஒரு மகளிர் குழுவின் கணக்கு 7, 12, 13, 40 ஆகிய நான்கு அறைகளில் இருப்பதாகக் கொள்வோம். கோப்பின் பெயருக்கு எதிரே 7 என்று மட்டும் எழுதியிருக்கும். அட்டவணையில் 7-ஆம் எண்ணுக்கு நேரே 12 என்றும், 12-க்கு நேரே 13 என்றும், 13-க்கு நேரே 40 என்றும், 40-க்கு நேரே முடிந்தது என்றும் குறித்திருக்கும். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்குவதைப் போன்றது இது. நடுவில் ஒரு கை விட்டுப் போனால் பின்னால் வருபவர் தனியாக நின்றுவிடுவார்.

இம்முறையில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, மின்சாரம். பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் சங்கிலி பாதியில் அறுந்துவிடும். 13-க்கு நேரே எழுதுவதற்குள் விளக்கு அணைந்தால், 40-ஆம் அறையில் உள்ள கணக்கு யாருக்கும் சொந்தமில்லாத மூட்டையாகக் கிடக்கும். மறுமுறை கணிப்பொறியைத் தொடங்கும்போது சோதனை நிரல் ஓடி, இப்படிப் பெயரிழந்தவற்றைப் பொறுக்கி எடுத்து, வெறும் எண்களையே பெயராக இட்டு வைக்கும். அவற்றுள் எது எவருடைய கணக்கு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அட்டவணைக்கு இரண்டாம் படி ஒன்று வன்தட்டிலேயே இருந்தாலும், அது எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, காவலின்மை. ஃபேட் முறையில் ஒரு கோப்புக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுத இடமே கிடையாது. படிக்க மட்டும், மறைந்தது என்பன போன்ற சில அடையாளங்களை இடலாம். ஆனால் அந்த அடையாளத்தை வைக்க முடிந்தவர் எவரும் அதை எடுக்கவும் முடியும். கதவில் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இல்லை.

மூன்றாவது, அளவு. ஃபேட் 32 முறையில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடமே உண்டு. இரண்டை 32 முறை பெருக்கினால் 4,294,967,296 வரும். சுழியமும் ஓர் எண்ணாதலால், அதில் ஒன்று குறைந்த எண்ணிக்கையான பைட்டுகளே ஒரு கோப்பின் உச்ச அளவு. இதையே நாம் 4 ஜி.பி. என்கிறோம். ஆண்டு விழா முழுவதையும் ஒரே வீடியோவாகப் பதிவு செய்து பழைய பென் டிரைவில் ஏற்ற முயன்றால், இடம் நிறைய இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று கணிப்பொறி மறுப்பது இதனால்தான்.

புதிய பாதை

1993-ஆம் ஆண்டு ஜூலை மாதம் விண்டோஸ் என்.டி. 3.1 வெளிவந்தபோது என்.டி.எஃப்.எஸ். என்னும் புதிய கோப்பு முறையும் உடன் வந்தது. முதலில் பெரும்பாலும் அலுவலகக் கணிப்பொறிகளில் இருந்த இம்முறை, 2001-ஆம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த பிறகு வீட்டுக் கணிப்பொறிகளிலும் பரவியது. இன்று விண்டோஸ் ஏற்றி விற்கப்படும் கணிப்பொறிகளின் உள் வன்தட்டு இம்முறையில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன மூன்று குறைகளுக்கும் இதில் விடை உண்டு.

மின்சாரக் குறைக்கு விடை, குறிப்பேடு. நல்ல கணக்கப்பிள்ளை பேரேட்டில் கை வைக்குமுன், இன்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்று ஒரு சிட்டையில் எழுதி வைப்பார். செய்து முடித்த பின் முடிந்தது என்று குறிப்பார். நடுவில் விளக்கு அணைந்தால், திரும்பி வந்து சிட்டையைப் பார்ப்பார். முழுதாக எழுதப்பட்டதை நிறைவு செய்வார். பாதியில் நின்றதைப் பழையபடி ஆக்குவார். பேரேடு ஒருபோதும் அரைகுறையாக நில்லாது. என்.டி.எஃப்.எஸ். இதையே செய்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இச்சிட்டை பேரேட்டைக் காக்குமேயன்றி, நாம் சேமிக்காமல் விட்ட கடைசிப் பத்து வரிகளை மீட்டுத் தராது. அடிக்கடி சேமிக்கும் பழக்கம் என்றும் தேவை.

காவலுக்கு விடை, உரிமைப் பட்டியல். இம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று தனித்தனியே அதில் குறிக்கலாம். அப்பா எழுதிய கணக்கைத் தம்பி பார்க்கலாம், ஆனால் அழிக்க முடியாது என்று வைக்கலாம். அலுவலகக் கோப்பை வேறொருவர் திறக்கவே முடியாது என்றும் வைக்கலாம். இதற்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும்.

அளவுக்கு விடை, பெரிய எண்கள். இன்று நாம் பயன்படுத்தும் எந்த ஒரு கோப்பும் என்.டி.எஃப்.எஸ். எல்லையைத் தொடுவதில்லை. சிறு கோப்புகளுக்கும் ஓர் ஆதாயம் உண்டு. 32 ஜி.பி. அளவுள்ள ஒரு பகுதியை விண்டோஸ் ஃபேட் 32 முறையில் அமைத்தால் ஓர் அறையின் அளவு வழக்கமாக 16 கிலோபைட்; என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்தால் 4 கிலோபைட். ஒரு கிலோபைட் கடிதம் வைத்தாலும் முழு அறையும் போய்விடும். ஆயிரம் கடிதங்களுக்கு முன்னதில் 16,000 கிலோபைட், பின்னதில் 4,000 கிலோபைட் செலவாகும் எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நமக்கு இதனால் என்ன?

இவையெல்லாம் பெருநகரத்து அலுவலகங்களின் கவலை அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியன்று. நம் ஊரின் வாழ்வே இன்று கணிப்பொறியில் எழுதப்படுகிறது. நறுமணப் பொருள் வாரியம் 2007-ஆம் ஆண்டு முதல் ஏலக்காய் ஏலத்தைக் கணிப்பொறி வழியாக நடத்தி வருகிறது. போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் வியாபாரிகள் கணிப்பொறி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். ஏலத்திற்கு வரும் காயின் எடை, லாட்டு எண், விலை யாவும் கடைகளின் கணிப்பொறிகளிலும் பதிவாகின்றன.

மலைச் சரிவுகளுக்கு வருவோம். விடியுமுன் ஜீப்பில் ஏறி எஸ்டேட்டுக்குப் போய், செடியின் அடியில் குனிந்து காய் பறித்து, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் தாய்மார் நம்மில் பலருடைய தாய்மார். அவர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பன முன்பு கங்காணியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. இன்று பல இடங்களில் அவை கணிப்பொறிக்கு வந்துவிட்டன. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் கிழிந்தால் ஒரு பக்கந்தான் போகும். கணிப்பொறியின் பேரேடு கெட்டால் ஓர் ஆண்டே போய்விடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர் உள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு என்று கொள்வோம். மூன்று ஆண்டுகளில், அதாவது 36 மாதங்களில், 20 x 200 x 36 = 1,44,000 ரூபாய் சேர்கிறது. அதில் யார் எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை தவணை கட்டினார் என்பது ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. அக்கோப்பு சிதைந்தால் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கும். ஆனால் நான் ஏழு தவணை கட்டிவிட்டேன் என்று சொல்லும் ஒரு பெண்ணுக்குச் சான்று இராது. ஏழையின் சொல்லுக்குத் துணை நிற்பது எழுத்துதான். அந்த எழுத்தைக் காப்பது அவளைக் காப்பதாகும்.

பெண் பிள்ளைகளாகிய நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. நம் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவை பள்ளி அலுவலகத்திலும், படம் எடுக்கும் கடையிலும், விண்ணப்பம் போடும் கணிப்பொறி மையத்திலும் கோப்புகளாகத் தங்குகின்றன. பூட்டில்லாத வன்தட்டில் அவை கிடந்தால், அந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்த எவரும் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். 2023-ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பிறர் நம்பி ஒப்படைத்த விவரத்தைப் பூட்டி வைப்பது நல்ல மனச்சான்றின் கடமையும் ஆகும்.

மாற்றுமுன் செய்ய வேண்டியவை

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. மாற்றும் வேலையில் இறங்குமுன் பின்வருவனவற்றை முடிக்க வேண்டும்.

1. எந்த முறை என்று பார்க்க வேண்டும். கணிப்பொறியில் வன்தட்டின் படத்தின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிராப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்தால் கோப்பு முறையின் பெயர் தெரியும். அங்கே என்.டி.எஃப்.எஸ். என்றிருந்தால் நமக்கு வேலையே இல்லை.

2. படி எடுக்க வேண்டும். தேவையான கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ படி எடுக்க வேண்டும். எடுத்த படியைத் திறந்து பார்ப்பது அதைவிட முக்கியம். திறக்காத படி, படி ஆகாது. அதே வன்தட்டின் இன்னொரு ஃபோல்டரில் வைப்பதும் படி ஆகாது. வீடு இடிந்தால் இரண்டு அறைகளும் சேர்ந்தே இடியும்.

3. வன்தட்டைச் சோதிக்க வேண்டும். செக்டிஸ்க் என்னும் கட்டளை பேரேட்டில் உள்ள பிழைகளைத் திருத்தும். பிழையோடு மாற்றத் தொடங்கக் கூடாது.

4. இடம் இருக்க வேண்டும். புதிய பேரேட்டை எழுதக் காலி இடம் தேவை. வன்தட்டு நிரம்பி வழிந்தால், பயனற்ற கோப்புகளை முதலில் நீக்க வேண்டும். இடம் போதாவிட்டால் மாற்றும் கட்டளையே மறுத்துவிடும்.

5. மின்சாரத்தை உறுதி செய்ய வேண்டும். காற்றும் மழையும் பலமாக உள்ள நாளில் மலையடிவாரத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அத்தகைய நாளில் இவ்வேலையைத் தள்ளிப் போடுவதே அறிவுடைமை. மேசைக் கணிப்பொறியானால் யு.பி.எஸ். நிறைந்திருக்க வேண்டும், மடிக்கணினியானால் சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும்.

மாற்றும் முறை

எல்லா நிரல்களையும் மூடிவிட வேண்டும். பிறகு, நிர்வாகி என்ற உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் எனப்படும் கறுப்புச் சாளரத்தைத் திறக்க வேண்டும். நாம் மாற்ற வேண்டியது டி என்னும் பகுதி என்று கொள்வோம். அங்கே ஆங்கில எழுத்துகளில் பின்வருமாறு தட்ட வேண்டும்: முதலில் கன்வர்ட் என்னும் சொல், ஓர் இடைவெளி, டி என்னும் எழுத்தும் அதை ஒட்டி முக்காற்புள்ளியும், மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, எஃப், எஸ் என்னும் இரண்டு எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இறுதியாக என், டி, எஃப், எஸ் என்னும் நான்கு எழுத்துகள். பிறகு என்டர் விசையை அழுத்த வேண்டும்.

கணிப்பொறி அப்பகுதியின் பெயரைக் கேட்கும். தவறான வன்தட்டை நாம் மாற்றிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி. பெயரைச் சரியாகத் தட்டினால் வேலை தொடங்கும். அப்பகுதியில் ஏதேனும் கோப்பு திறந்திருந்தால், அல்லது அது விண்டோஸே தங்கியிருக்கும் பகுதியாக இருந்தால், அடுத்த முறை தொடங்கும்போது மாற்றட்டுமா என்று கேட்கும். ஆம் என்பதற்கு அடையாளமாக ஒய் என்னும் எழுத்தைத் தட்டிக் கணிப்பொறியை மீண்டும் தொடங்க வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்தைப் பெயர்க்க முடியாது அன்றோ!

வன்தட்டின் அளவுக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப நேரம் கூடும், குறையும். முடிந்தது என்ற செய்தி வரும் வரை கணிப்பொறியை அணைக்கக் கூடாது. பொறுமையின்றிப் பொத்தானை அழுத்துவதே இவ்வேலையில் நேரும் பெரும் தீங்கு.

முக்கியமான ஒன்று: இது ஒருவழிப் பாதை. என்.டி.எஃப்.எஸ். முறையிலிருந்து ஃபேட் 32-க்குத் திரும்ப இத்தகைய கட்டளை இல்லை. திரும்ப வேண்டுமானால் வன்தட்டு முழுவதையும் துடைத்து மறுபடி அமைக்க வேண்டும்.

மாற்றிய பின்

கிடங்குக்குக் கதவு போட்டாயிற்று. இனிப் பூட்டைப் பூட்ட வேண்டியது நாம். மாற்றியவுடனே எல்லாக் கோப்புகளும் தாமாகவே காவலுக்குள் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. முக்கியமான ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, செக்யூரிட்டி என்னும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் முழு உரிமை என்றிருந்தால் அதை நீக்கி, உரியவர் பெயரைச் சேர்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத சாதாரணப் பயனர் பெயரைப் பயன்படுத்துவது நலம். ஒரே கடவுச்சொல்லை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொண்டால் உரிமைப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

இம்முறை செய்யாதவை எவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கணிப்பொறியே திருடு போனால், திருடியவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டி, அங்கே தாமே நிர்வாகியாக அமர்ந்து, கோப்புகளின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். இதைத் தடுப்பது மறையாக்கம் ஒன்றே. எழுத்துகளை எல்லாம் புரியாத குறிகளாக மாற்றி, திறவுகோல் உள்ளவர் மட்டும் படிக்கும்படி செய்வது மறையாக்கம். 2007-ஆம் ஆண்டு விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த பிட்லாக்கர் இத்தகையது. விண்டோஸின் எல்லாப் பதிப்புகளிலும் அது முழுமையாகக் கிடைப்பதில்லை. அதை இயக்கும்போது தரப்படும் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அந்த எண்ணும் கடவுச்சொல்லும் தொலைந்தால் திருடருக்கு மட்டுமன்று, நமக்கும் கதவு திறவாது.

வைரஸையும் கோப்பு முறை தடுக்காது. வன்தட்டு தேய்ந்து பழுதாவதையும் தடுக்காது. ஆகவே வாரம் ஒருமுறை படி எடுக்கும் பழக்கத்தை விடலாகாது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அத்தகைய பழைய கணிப்பொறியின் வன்தட்டை மாற்றினாலும் அதை இணையத்தோடு இணைக்காமல் கணக்கெழுத மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

மாற்றக் கூடாத இடங்கள்

மீட்டர் கேஜ் பெட்டி அகலப்பாதையில் ஓடாது. அதுபோல விண்டோஸ் 98 தன் வன்தட்டில் என்.டி.எஃப்.எஸ். முறையை அறியாது; அதில் இயங்கும் கணிப்பொறியை மாற்றக் கூடாது. கேமராவில் போடும் அட்டையையும், தொலைக்காட்சிப் பெட்டியில் செருகும் பென் டிரைவையும் மாற்ற வேண்டுவதில்லை. பல கருவிகள் பழைய முறையை மட்டுமே படிக்கும். பெரிய கோப்புகளைப் பல கருவிகளுக்கிடையே எடுத்துச் செல்ல 2006-ஆம் ஆண்டு வந்த எக்ஸ்ஃபேட் என்னும் முறை உதவும். ஆனால் அதில் உரிமைப் பட்டியலும் இல்லை, சிட்டையும் இல்லை. பெயரும் முகவரியும் நிறைந்த கோப்புகளை அதில் வைத்துக் கைமாற்றுவது தக்கதன்று.

விண்டோஸ் மட்டுமே வழி என்பதும் இல்லை. நம் மாநிலத்தில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் அவர்கள் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006, 2007-ஆம் ஆண்டுகளில் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழு, பிறர் என மூவகை உரிமை தொடக்கத்திலேயே உண்டு; சிட்டை முறையும் உண்டு. நம் அக்காமார் வாங்கிய அந்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், அதை எடுத்து இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

முடிவாக

மதுரைப் பாதையை மாற்றப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒரு வன்தட்டை மாற்றப் பெரும்பாலும் ஒரு பிற்பகல் போதும். அதில் பெரும்பகுதியும் படி எடுப்பதற்கே செல்லும். வெள்ளம் வருமுன் அணை போடு என்றனர் முன்னோர். கணிப்பொறி பயின்ற மாணவி ஒருத்தி ஒரு தெருவில் இருந்தால், அந்தத் தெருவின் மகளிர் குழுக் கணக்கும், பக்கத்து வீட்டுக் கடைக் கணக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இந்த விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு கணிப்பொறியையேனும் உரியவரின் இசைவோடு சோதித்து, முதலில் படி எடுத்துக் கொடுப்போம். மாற்ற வேண்டியதாயின் பிறகு மாற்றுவோம். கற்ற கல்விக்கு அது நாம் செலுத்தும் சிறு காணிக்கை.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கோப்பு 5, 9, 21 ஆகிய அறைகளில் உள்ளது. ஃபேட் அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே என்ன எழுதியிருக்கும்?

2. 6 ஜி.பி. வீடியோவை ஃபேட் 32 பென் டிரைவில் வைக்க இயலாதது ஏன்?

3. சிட்டை முறை எதைக் காக்கும்? எதைக் காக்காது?

4. உரிமைப் பட்டியல் இருந்தும் மறையாக்கம் ஏன் தேவை?

5. உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் கோப்பு முறை எது? கடைசியாகப் படி எடுத்த நாள் எது? கண்டு எழுதுக.